காருக்குள் ரோட்டுச் சத்தமா? ஷீட் ஒட்டுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

காரில் இரைச்சல் என்றதும் நிறையப் பேர் நேராக டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்கும் ஷீட்) ஒட்டப் போய்விடுகிறார்கள். அது கடைசி வேலை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒட்டினால் காசுதான் வீண்.

முதலில் ஏர். டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் அளவு போட்டிருக்கும். ஏர் அதிகமானால் டயர் விறைத்துக்கொள்ளும். சின்னக் கல் ஏறினாலும் சீட் வரை அதிரும்.

அடுத்து, டயர் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர்க் கட்டங்கள்) மேல் உள்ளங்கையை மெதுவாக முன்னும் பின்னும் தடவுங்கள் (கம்பி வெளியே தெரிந்தால் கை வைக்க வேண்டாம்). ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கமாகத் தடவும்போது ரம்பப் பல் போலவும் இருந்தால் தேய்மானம் கோணல். 'ங்ஙொய்' என்ற இரைச்சல் அதில்தான் பிறக்கும். வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் உருளைப் பாகம்) போய்விட்டதாகப் பலரும் நினைப்பது இதைத்தான். அலைன்மென்ட் பார்த்து டயர்களை இடம் மாற்றுங்கள்.

சரி, இப்போது ஓட்டிப் பார்ப்போம். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். நீங்கள் காது கொடுங்கள். ஒரே வேகத்தில், சொரசொரப்பான ரோட்டிலும் புது தார் ரோட்டிலும் போங்கள். தளம் மாறியதும் சத்தம் சட்டென்று குறைந்தால் அது டயர் சத்தம். குறையவே இல்லையென்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். ஆளில்லாத ரோட்டில் லேசாக இடப்பக்கம் வளையுங்கள். எடை வலப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். 80 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங் பாருங்கள்.

சஸ்பென்ஷனைச் சோதிக்க நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தை விட நல்ல இடம் மதுரையில் இல்லை. 7.3 கிலோமீட்டருக்கு இணைப்பு மாற்றி இணைப்பு வரும். ஒவ்வொன்றிலும் 'டப் டப்' என்று முன்சக்கரமும் பின்சக்கரமும் ஏறுவது இயல்பு. அதற்குப் பின்னாலேயே 'கட கட' என்று இழுத்தால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடையோ (இணைப்புக் கம்பி) புஷ்ஷையோ (ரப்பர் மூட்டு) மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கதவு பீடிங்கில் (ஓரத்து ரப்பர்) ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் அமுங்கிவிட்டது.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஷீட். டிக்கித் தரையிலும் பின்சக்கர வளைவிலும் தொடங்குங்கள். தகரத்தைத் தட்டி, 'டங்' என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டினாலே போதும். முழுவதும் மூட வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ரோலரால் அழுத்துங்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், உள்ளேயே துரு பிடித்துவிடும்.