ஆறாத புரைப்புண்ணின் அடியில் எலும்புத் தொற்று: கண்டறியும் முறை

கால் எலும்பு முறிவுக்குத் தகடு பொருத்திப் பல மாதங்கள் கடந்த பின்னும், தழும்பின் ஓரத்தில் புரைப்புண் எனப்படும் சிறு துளை திறந்து சீழ் கசிவதும், ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் அது மூடிக்கொள்வதும், நிறுத்தினால் மறுபடி திறப்பதுமாக இருந்தால், எலும்பில் நாள்பட்ட பாக்டீரியா தொற்று, அதாவது ஆஸ்டியோமைலிடிஸ், இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. நாள்பட்ட நிலையில் காய்ச்சல் பெரும்பாலும் வருவதில்லை, வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் இயல்பாகவே இருக்கக்கூடும்.

செல்லும்போது பழைய எக்ஸ்ரே படங்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளின் பெயர், தேதி ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். பழைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் எலும்பு அரிக்கப்பட்டிருப்பதும், செத்துப்போன எலும்புத் துண்டு தனித்து நிற்பதும், அதைச் சுற்றிப் புது எலும்பு ஓடுபோல வளர்ந்திருப்பதும் தெளிவாகும். தொற்றின் தொடக்கத்தில் எக்ஸ்ரே ஏமாற்றக்கூடியது. எலும்பின் தாதுச்சத்தில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் குறைந்த பின்பே அரிப்பு அதில் தெரியும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள் சந்தேகத்தைக் கூட்டவும், பின்னர் சிகிச்சையின் போக்கைக் கவனிக்கவும் உதவுமே தவிர, நோயை உறுதிசெய்யா. மஜ்ஜையில் தொற்று எதுவரை பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. நன்கு காட்டும், உலோகத் தகடு இருந்தால் அந்த இடத்தில் படம் சிதையலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செத்த எலும்புத் துண்டைத் தேட சி.டி. ஸ்கேன் பயன்படும். சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணில், கிருமி நீக்கிய உலோகக் கம்பியை மருத்துவர் மெல்லச் செலுத்தும்போது கடினமான எலும்பு தட்டுப்பட்டால் தொற்றுக்கான வாய்ப்பு அதிகம். இதை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.

எந்தக் கிருமி என்பதை உறுதியாகச் சொல்வது எலும்பிலிருந்தே எடுக்கப்படும் மாதிரிதான். புரைப்புண்ணின் வாயில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த சீழில் வளர்வது தோலில் குடியேறிய வேறு கிருமியாக இருக்கலாம். அதை நம்பி வாரக்கணக்கில் மருந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் இருப்பது வருத்தத்திற்குரியது. நோயாளி நிலையாக இருந்தால், மருத்துவரின் முடிவின்படி ஆன்டிபயாடிக்கைச் சுமார் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மாதிரி எடுப்பது நல்லது. நடுக்கத்துடன் காய்ச்சலோ, வேகமாகப் பரவும் வீக்கமோ இருந்தால் காத்திருக்கலாகாது. பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, ஒரு பகுதியைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் இட்டுத் திசுப் பரிசோதனைக்கும், மறு பகுதியை ஃபார்மலின் இல்லாத கிருமி நீக்கிய குப்பியில் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சரில் எதுவும் வளராது. இந்தியாவில் காசநோய்க்கான பரிசோதனையையும் சேர்த்துக் கேட்பது அவசியம். தகடு உள்ளவர்களுக்கு மெதுவாக வளரும் கிருமிகளும் காரணமாகலாம் என்பதால், கல்ச்சரை 14 நாள் வரை வைத்திருக்க முடியுமா என்று ஆய்வகத்தில் விசாரியுங்கள்.

பல ஆண்டுகளாக வடியும் புண்ணில் திடீரென வலி கூடினாலோ, இரத்தம் கசிந்தாலோ, சதை முளைத்தாலோ, அதன் விளிம்பிலிருந்தும் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். அரிதாக அங்கே தோல் புற்றுநோய் உருவாவதுண்டு.