லென்ஸ் நிற்கட்டும், சென்சார் நடக்கட்டும்: பழைய துருத்திக் கமெராவில் டிஜிட்டல் கட்டடப் படம்

கைபேசியை அண்ணாந்து பிடித்து ஒரு கட்டடத்தை எடுத்தால் அது பின்னுக்குச் சாய்ந்து விழப்போவதுபோல் நிற்கும். சென்சார் சாய்ந்ததுதான் காரணம். சென்சார் சுவருக்கு இணையாக நிமிர்ந்து நின்றால் தூண்களும் நிமிரும். கமெராவைச் சாய்க்காமல், லென்ஸை மட்டும் மேலே ஏற்றிக் கோபுரத்தைப் பிடிக்கும் வசதி 4×5 அங்குல பிலிம் போடும் துருத்திக் கமெராவில் உண்டு. அதற்கு பிலிம் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள், பிலிம் இருக்கும் இடத்தில் டிஜிட்டல் கமெராவை மாட்டி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதற்கு இந்த விளக்கம்.

என்னென்ன வேண்டும்

மொனோரெயில் வகைக் கமெரா, அதாவது ஒரே தண்டில் லென்ஸைத் தாங்கும் முன்சட்டமும் பிலிமைத் தாங்கும் பின்சட்டமும் தனித்தனியே ஓடுவது. மரப்பெட்டிபோல் மடிகிற கமெராக்கள் தூக்க இலகு, ஆனால் பெரும்பாலானவற்றில் பின்சட்டம் மேலும் கீழும் நகராது. நமக்கு அதுதான் முக்கியம். அடுத்து ஒரு ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) மிரர்லெஸ் கமெரா, அதைக் க்ராஃப்லொக் பின்புறத்தில், அதாவது தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் பின்சட்டத்தில், மாட்டும் அடப்டர் தட்டு, உறுதியான ட்ரைபொட், கறுப்புத் துணி.

கையில் இருப்பது உள்ளே கண்ணாடியுள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் யோசியுங்கள். நிக்கான் எஃப் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சார் 46.5 மி.மீ. உள்ளே இருக்கிறது, சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ. மட்டுமே. ஆழமான குழிக்குள் சரிவாக வரும் ஒளி நுழையாது, படத்தின் ஓரம் கறுத்துவிடும்.

எந்த லென்ஸ்

கட்டடம் என்றதும் 65 மி.மீ. வைட் லென்ஸைத் தேடி ஓடாதீர்கள். அடப்டரும் கமெரா உடலும் சேர்ந்து சென்சாரைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், அவ்வளவு குறுகிய லென்ஸில் தூரத்துக்குப் ஃபோகஸ் கிடைப்பது கஷ்டம். 90 மி.மீ. முயலலாம். பழகுவதற்கு 150 மி.மீ. நல்லது. 4×5க்கான நல்ல 150 மி.மீ. லென்ஸ் எஃப் 22 என்ற சிறிய துவாரத்தில் 200 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள வட்டத்தில் படம் விழுத்தும். நம் சென்சாரின் மூலைவிட்டமோ 43 மி.மீ. மிச்ச வட்டம் வீணாகாமல் இருக்கத்தான் சென்சாரை நடக்க விடுகிறோம்.

150 மி.மீ.இல் கட்டடம் முழுதும் அடங்க நன்றாகப் பின்வாங்கவேண்டும். இதனாலேயே கொழும்புப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிவாசலை முதல் நாளில் தொடவேண்டாம். எல்லோருக்கும் அதன்மேல்தான் கண். ஆனால் அங்கே பின்வாங்க இடமில்லை. பின்வாங்கினால் சுமைதூக்கும் நாட்டாமியின் கைவண்டி காலில் ஏறும். கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலை, 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், தொடங்கச் சரியான இடம். முன்னால் தாராளமாகப் புல்வெளி. ட்ரைபொட் விரிக்குமுன் வாசலில் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே துருத்தியைச் சோதியுங்கள்

இருட்டறையில் துருத்திக்குள் டோர்ச் போட்டு ஒவ்வொரு மடிப்பு மூலையையும் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகூட நம் வெயிலில் படத்தை வெளிறடித்துவிடும். நான் இரண்டு வாரம் லென்ஸைக் குறை சொல்லித் திரிந்தேன். கடைசியில் கீழ் மடிப்பில் நட்சத்திரம்போல் ஒரு புள்ளி. கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினேன், தீர்ந்தது.

இடத்தில் செய்யவேண்டியது

எல்லா அசைவுகளையும் பூச்சியத்தில் வைத்து, கமெராவை நீர்மட்டம் பார்த்து நிறுத்துங்கள். பின்சட்டம் சுவருக்கு இணையாக இருக்கவேண்டும்.

லென்ஸிலுள்ள கொப்பால் ஷட்டரை ‘டீ’யில் வைத்துத் திறந்தே விடுங்கள், ஒளியை எண்ணும் வேலை மிரர்லெஸ்ஸினுடையது. அதில் ‘லென்ஸ் இல்லாமல் படமெடு’ என்ற தெரிவை இயக்கி, நடுக்கத் தடுப்பை நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 100, வெளிச்சம், வெள்ளைச் சமநிலை எல்லாம் மனுவலில்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து, திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு எஃப் 11. பிலிம்காரர்கள் சொல்லும் எஃப் 22 இங்கே வேண்டாம், சென்சாரின் சிறிய பிக்சல்களில் கூர்மை மழுங்கும்.

கூரை வெட்டுப்பட்டால் முன்சட்டத்தை இப்போதே உயர்த்தி இறுக்குங்கள். இதற்குப் பிறகு முன்சட்டத்தில் கை வைக்கக்கூடாது.

கமெரா உடலை நெடுக்காக மாட்டுங்கள்: 24 மி.மீ. அகலம், 36 மி.மீ. உயரம். பின்சட்டத்தின் அளவுகோலைப் பார்த்து இடப்பக்கம் 16 மி.மீ. தள்ளி ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் 16 மி.மீ. தள்ளி ஒன்று. அடுத்தடுத்த படங்கள் 8 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று விழும், ஒட்டுவதற்கு அது போதும். பிறகு பின்சட்டத்தை 24 மி.மீ. இறக்கி இன்னொரு வரிசை. லென்ஸ் படத்தைத் தலைகீழாக விழுத்துவதால், சென்சாரை இறக்கினால் கட்டடத்தின் மேற்பகுதி கிடைக்கும். முதல் தடவை கை எதிர்ப்பக்கம்தான் போகும், பரவாயில்லை. ஆறு படங்களும் சேர்ந்தால் 56×60 மி.மீ.; பழைய 120 பிலிமின் சதுரப் படத்தைவிடச் சற்றே பெரிது.

பின்சட்டம் நகர்வதற்குப் பதில் முன்சட்டத்தை நகர்த்தினால் என்ன? நானும் அப்படித்தான் தொடங்கினேன். லென்ஸ் நகர்ந்தால் பார்க்கும் கண்ணே இடம் மாறுகிறது. கட்டடம் ஒழுங்காக ஒட்டியது. அதற்கு முன்னால் தொங்கிய ஆலம்விழுது மட்டும் இரண்டாகிவிட்டது.

ஆறையும் முகில் மறைப்பதற்குள் எடுத்துவிடுங்கள். பிறகு லென்ஸின் முன் வெள்ளை அக்ரிலிக் தகடொன்றைப் பிடித்து, அதே ஆறு நிலைகளிலும் இன்னொரு சுற்று எடுங்கள். தள்ளிய படங்களின் ஓரத்தில் பச்சையோ ஊதாவோ படிந்திருந்தால் லைட்ரூமின் ஃப்ளாட் ஃபீல்ட் திருத்தம் இவற்றை வைத்துத்தான் அதை நீக்கும்.

ஒட்டுதல்

ஃபோட்டோஷொப்பின் ஃபோட்டோமேர்ஜில் ‘ரீபொசிஷன்’ தெரிவை மட்டும் எடுங்கள். ‘ஓட்டோ’வில் விட்டால், நீங்கள் நிமிர்த்திய கோடுகளை அது தன் இஷ்டத்துக்கு வளைத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் துருத்தியை மடித்துப் பையில் வைக்காமல் ஓர் இரவு விரித்தே விடுங்கள். கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் லென்ஸையும் விடாது.