மனு கொடுத்தும் மைக் செட் நிற்கவில்லையா? இரைச்சல், புகை, குப்பைப் புகார்களில் நடக்கும் தவறுகள்

தெருமுனையில் மாவு மில், எதிர்வீட்டு மாடியில் ஜெனரேட்டர், ஆடி பிறந்தால் வாசலுக்கு நேராகவே பாக்ஸ் ஸ்பீக்கர். தமிழ்நாட்டில் இவற்றைக் கேட்கச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு நாலாக இருக்கிறது. இருந்தும் மனு மட்டும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். காரணத்தைத் தேடிப் போனால் பல நேரம் அது மனுவுக்குள்ளேயே கிடைக்கிறது: போன இடம் தவறு, சொன்ன நேரம் தெளிவில்லை, கேட்டது அந்த அதிகாரி கையில் இல்லாதது.

பெறுநர் பகுதியில் ஐந்து பெயர்

கலெக்டர், கமிஷனர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், முதல்வரின் முகவரி, மனித உரிமை ஆணையம் என்று ஐந்து பேருக்கும் ஒரே மனுவை அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்ற நால்வர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். முதல் பெறுநர் ஒருவர்தான் இருக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு யார் அனுமதி கொடுக்கிறாரோ, யாரால் அதை ரத்து செய்ய முடியுமோ அவரே அந்த ஒருவர். மற்றவர்கள் ‘நகல்’ என்ற இடத்துக்குப் போகட்டும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி தருவது காவல்துறை. அந்த நிமிடத்துக்கு 100 அல்லது 112. மறுநாள் நிலையத்தில் மனு, நகல் டி.எஸ்.பி.க்கு, மாநகரமானால் உதவி ஆணையருக்கு. மாவு மில், லேத் பட்டறை, வெல்டிங் கடை, கோழிக்கடைக் கழிவு, டிபன் கடைப் புகை போன்றவை உள்ளாட்சி உரிமத்தில் வரும். மாநகராட்சியானால் மண்டல அலுவலகம், நகராட்சியானால் ஆணையர், பேரூராட்சியானால் செயல் அலுவலர், கிராமமானால் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகமும். சாயப்பட்டறை, பெரிய ரைஸ் மில், கல் குவாரி, ரெடிமிக்ஸ் ஆலை ஆகியவற்றை நடத்த 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அங்கே பார்க்க வேண்டியவர் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர். குப்பை எரிப்பு, தெருவில் ஓடும் கழிவுநீர் எல்லாம் சுகாதார ஆய்வாளர் வேலை. சென்னைக்கு மாநகராட்சியின் புகார் எண் 1913.

முதல்வரின் உதவி எண்ணான 1100-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு தபால்பெட்டி மாதிரி. அங்கே பதிவாவது சுற்றிவந்து அதே உள்ளூர் அதிகாரியின் மேசையில்தான் விழும். முதலில் உள்ளூரில் ஒரு மனு கொடுத்து, அந்த எண்ணையும் தேதியையும் சொல்லி 1100-இல் பதிந்தால் அதற்குப் பலம் உண்டு. எடுத்த எடுப்பில் அங்கே போனால் ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற குறுஞ்செய்தியோடு நின்றுவிடும்.

மீட்டர் தேவைப்படாத மீறலைத் தேடுங்கள்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் எல்லோருக்கும் தெரிந்தது டெசிபல் கணக்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்தில் 50, 40. மனு எழுதுகிறவர்கள் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் டெசிபலை நிரூபிக்க அளக்க வேண்டும். அளக்க அதிகாரி வர வேண்டும். அவர் வரும்போது செட் ஓட வேண்டும். மூன்றும் ஒருசேர அமைவது அபூர்வம்.

அதே விதிகளில் கடிகாரத்தைப் பார்த்தாலே தெரிகிற மீறல்களும் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு பண்டிகை நாட்களுக்காக நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்; அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதியிலும் அமைதி மண்டலத்திலும் அதே நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக் கூடாது. ஆக, இரவு 11.30-க்கு எதிர்மனையில் கான்கிரீட் கலவை மெஷின் ஓடினால் அது 60 டெசிபலா 80 டெசிபலா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். புகார் பற்றிச் சொல்லும் 7-ஆம் விதியும் இதையே பிரித்துச் சொல்கிறது: பகல் சத்தம் என்றால் அளவு 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டியிருக்க வேண்டும், இரவுத் தடையை மீறினால் அந்த மீறலே போதும்.

இங்கே அடிக்கடி நழுவவிடுகிற ஒன்று, விடியற்காலை. இரவு என்றதும் பத்து மணிக்குப் பிந்தியதை மட்டும் நினைக்கிறோம். மார்கழி மாதம் நாலரை மணிக்கு ஆரம்பிக்கும் குழாய் ஸ்பீக்கரும், ஆடி ஞாயிறு ஐந்து மணிக்குக் கூழ் ஊற்றும் இடத்தில் போடுகிற பாட்டும் விதிப்படி ‘இரவு’தான். ஆறு மணி அடிக்கும் வரை.

வழிபாட்டு இடம் என்றால் போலீஸ் கை வைக்காது என்று மனு கொடுக்காமலே இருந்துவிடுவது அடுத்த தவறு. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி தொடர்பாகத் தொடுத்த வழக்கில் 2000 ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: அடுத்தவர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியிலும் மேளத்திலும் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. தீர்ப்பு எல்லா மதத்துக்கும் பொது. மனுவில் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். நேரமும் ஸ்பீக்கரின் இடமும் போதும்.

கல்யாண மண்டபத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மூடிய அரங்குக்குள் இரவிலும் ஒலிபெருக்கி வைக்கலாம். ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் பெட்டி அடுக்கினால் அது மூடிய அரங்கு ஆகாது. இதைக் காட்ட ஒரு புகைப்படம் போதும்.

‘போனில் 92 காட்டுது சார்’

போன் ஆப் காட்டும் எண்ணை ஆதாரமாக வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. பெரிய சத்தத்தை அது தானாகவே அமுக்கும். அளவுத்திருத்தம் கிடையாது. ஒரே மேசையில் இரண்டு போனை வைத்தால் இரண்டு எண் வரும். தவிர, விதியில் உள்ள 55-உம் 45-உம் ஒரு நொடியின் உச்சம் அல்ல, கால அளவில் எடுக்கும் சராசரி. பட்டாசு வெடித்த நொடியில் காட்டிய 92-ஐ அதோடு ஒப்பிட முடியாது.

ஆப் ஒரு விஷயத்துக்கு உதவும்: வித்தியாசம் காட்ட. அதே போன், அதே ஜன்னல், மெஷின் ஓடும்போது ஒன்று, நிறுத்திய பிறகு ஒன்று. 71, 48 என்று வந்தால் இரண்டு எண்களும் துல்லியமாக இல்லாவிட்டாலும் நடுவில் உள்ள 23 பேசும்.

எங்கே நின்று அளந்தோம் என்பதை எழுதாத குறிப்பு வெறும் எண். ஒரே இடத்திலிருந்து வரும் சத்தம், திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80 என்றால் 20 மீட்டரில் 74, 40 மீட்டரில் 68. விதியும் எல்லையில் நின்றுதான் கேட்கிறது. தனியார் இடத்தில் உள்ள செட் என்றால் அந்த இடத்தின் எல்லையில், அந்தப் பகுதியின் அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்பானால் பகலில் 60, இரவில் 50. பொது இடமானால் 10 டெசிபல் கூடலாம், அல்லது 75; இரண்டில் எது குறைவோ அது. குடியிருப்பில் பகலுக்கு அது 65-இல் நிற்கும். ‘75 வரை அனுமதி இருக்கு’ என்று மைக் செட்காரர் சொல்வது பாதி உண்மை.

உங்கள் தெரு குடியிருப்புதானா என்பதையும் முதலில் பாருங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அது வணிகப் பகுதி என்றிருந்தால், 55 என்று எழுதிய மனு முதல் பதிலிலேயே விழுந்துவிடும்.

டி.ஜே. செட்டில் இன்னொரு சிக்கல். ஒலி அளக்கும் மீட்டரின் ‘ஏ’ அளவு காதின் உணர்வை ஒட்டி அமைந்தது. தாழ்ந்த ஒலியைக் கழித்துக் கணக்கிடும். 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல், 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழியும். சப்-வூஃபரின் ‘தும் தும்’ அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், மீட்டர் சாதுவாக 62 காட்டும். இந்த மாதிரி நேரத்தில் எண்ணை நம்பாதீர்கள். டம்ளர் ஆடுவதை, பின்னால் சுவர்க்கடிகாரம் தெரிகிற மாதிரி, வெட்டாமல் இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள்.

‘மிகுந்த மன உளைச்சல்’

மனுவின் முதல் பக்கம் முழுக்க எதிர்வீட்டுக்காரரின் குணம், 2011-இல் நடந்த காம்பவுண்டுச் சுவர்த் தகராறு, அவர் எந்தக் கட்சி என்பது. படிக்கிற அதிகாரி ஓரத்தில் ‘முன்விரோதம்’ என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிடுவார். அதற்குப் பதில் இவ்வளவு போதும்:

“3-ஆவது குறுக்குத் தெரு, கதவு எண் 14-க்கு எதிரில் உள்ள காலி மனையில் நான்கு பாக்ஸ் ஸ்பீக்கர்கள். மே 9 இரவு 10.40 முதல் 12.55 வரை. மே 10 இரவு 10.15 முதல் 11.50 வரை. மே 11 காலை 4.30 முதல் 6 வரை. மே 9 இரவு 11.05-க்கு 100-ஐ அழைத்தோம். 11.30-க்கு ரோந்து வண்டி வந்தது, சத்தம் குறைந்தது. 11.50-க்கு மீண்டும் கூடியது.”

கடைசி மூன்று வரிகள் முக்கியம். ரோந்து வண்டி வந்து போன பிறகு கூட்டினார்கள் என்றால் தெரிந்தே செய்ததாகிவிடும். நிலையத்தில் மனு கொடுத்ததும் அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக ‘பார்க்கிறோம்’ என்றது எந்தக் கோப்பிலும் இருக்காது. பலர் கையெழுத்துப் போடுவதானால் ஒவ்வொருவரும் கதவு எண்ணோடு போட வேண்டும். ஐம்பது கிறுக்கலைவிட, தொல்லை நடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஆறு வீட்டின் கையெழுத்து கனம்.

ஒரே மனுவில் இரைச்சல், சாக்கடை, தெருநாய், மரக்கிளை எல்லாவற்றையும் போடுவதும் கூடாது. அந்த அதிகாரி தனக்குச் சுலபமான மரக்கிளையை வெட்டிவிட்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று முடித்துவிடுவார்.

உரிமம் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். உரிமம் தொழில் நடத்தத்தான். பொதுத் தொல்லை கொடுக்க அல்ல. ‘ஊருக்கு உபயோகமான மில்’ என்பதும் பதில் ஆகாது: பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆவது பிரிவு, வசதியோ ஆதாயமோ தருகிறது என்பதால் பொதுத் தொல்லை மன்னிக்கப்படாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 292-ஆவது பிரிவின் கீழ் எஃப்.ஐ.ஆர். போட வைப்பதிலேயே மாதக்கணக்கில் அலைவது வீண். அதன் தண்டனை அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். சத்தம் நிற்காது.

நிறுத்த வைக்கும் அதிகாரம் குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152-ஆவது பிரிவில் இருக்கிறது, பழைய சி.ஆர்.பி.சி. 133. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நிபந்தனை உத்தரவு போட்டு, நீக்கு அல்லது வந்து காரணம் சொல் என்பார். எதிர்த்தரப்பு மறுத்து விசாரணை நடந்தால் அதை 90 நாளில், காரணம் பதிந்து நீட்டித்தால் 120 நாளில் முடிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. என்றதும் வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் நிற்கிறவர்களும் உண்டு. இவர் வருவாய்த் துறையின் ஆர்.டி.ஓ. தெருவே பாதிக்கப்பட வேண்டும் என்பது இதில் நிபந்தனை. உங்கள் பொதுச்சுவரில் மட்டும் அதிர்வு வருகிறது என்றால் அது தனியார் தொல்லை. சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்பதுதான் வழி.

மூடு என்று கேட்டால்

‘உடனே மூட வேண்டும்’ என்று கேட்டால் அதிகாரி தயங்குவார். பிழைப்பு, வேலை என்று எதிர்ப்பக்கம் பேச இடம் கிடைக்கும். செய்யக்கூடியதைக் கேளுங்கள். மாவு மில் என்றால் மோட்டாரைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கித் தனி மேடையில், அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்துப் பொருத்தச் சொல்லலாம். டீசல் ஜெனரேட்டருக்குக் கணக்கே இருக்கிறது. ஒலித்தடுப்புப் பெட்டியோடு வரும் 1000 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறன் அளவு) வரையிலான செட், பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. புகைக்குழாய் அந்தக் கட்டடத்தின் உயரத்துக்கு மேல், கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிய அளவு மீட்டர் நீள வேண்டும். 25 கே.வி.ஏ. என்றால் 1 மீட்டர், 100 என்றால் 2 மீட்டர். குழாயை முதல் மாடி ஜன்னலுக்கு நேராக மடக்கி விட்டிருந்தால், ஒரு புகைப்படமும் இந்தக் கணக்கும் போதும்.

குப்பை எரிப்பில் சமரசத்துக்கு இடமில்லை. திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று வைத்தது. எரிப்பது துப்புரவு ஒப்பந்த ஆளாகவே இருந்தாலும் பொருந்தும்.

காத்திருப்பதும் ஒரு தவறு

பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதாக இருந்தால், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மனுமேல் மனுவாக இரண்டு வருடம் போட்டுவிட்டு அங்கே போனால் முதல் கேள்வியே தாமதம்தான்.

அதனால் உள்ளாட்சி மனு கொடுத்து ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால், இன்னொரு மனு எழுதாமல் பத்து ரூபாயில் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். ‘ஏன் நடவடிக்கை இல்லை’ என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல. இன்ன கதவு எண்ணில் இயங்கும் மில்லின் உரிம நகல், அதில் அனுமதித்த குதிரைத்திறன், என் மனு எண் மீது ஆய்வு செய்த தேதி, ஆய்வறிக்கை நகல் என்று நான்கு ஆவணம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘அப்படி உரிமம் எதுவும் வழங்கப்படவில்லை’ என்று ஒரு வரி வந்தால், டெசிபல் விவாதமே வேண்டாம். அந்தத் தாளை இணைத்து, உரிமம் இல்லாமல் இயங்குவதாக ஒரு பக்க மனுவை உரிமம் தரும் அதே உள்ளாட்சி அதிகாரியிடம் கொடுங்கள்.