பிள்ளை கையில் ஸ்னோமொபைல்: ஒன்ராறியோவில் வயது, லைசென்ஸ், மேற்பார்வை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 12 வயது ஆகிவிட்டால் பிள்ளை ஸ்னோமொபைலை (பனி மேல் ஓடும் மோட்டார் வண்டியை) எங்கும் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி.

படி 1: வயதும் இடமும்

12 வயதுக்குக் கீழ் என்றால் தனியார் நிலத்தில் மட்டும்தான் ஓட்டலாம். 12 நிரம்பியவர்கள் ஸ்னோமொபைல் ஓட்டுநர் பயிற்சி முடித்து, அதற்கான லைசென்ஸ் எடுத்தால் டிரெயிலில் (ஸ்னோமொபைலுக்கான பனிப்பாதையில்) ஓட்டலாம். அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பொதுச் சாலையைக் குறுக்கே கடப்பதற்குக்கூட 16 வயது ஆகியிருக்க வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ஓட்டவே 16 ஆக வேண்டும் என்பதால், 13 வயதுப் பிள்ளையை எல்லை தாண்டி ஓட்ட விடாதீர்கள்.

சட்டம் 12 என்றாலும் கனடிய குழந்தை மருத்துவர் சங்கம் 16க்கு முன் ஓட்டவே வேண்டாம் என்கிறது. எங்கள் கணக்கில் வயதை விட உடம்பும் நிதானமும்தான் முக்கியம்.

படி 2: சாலை குறுக்கிட்டால்

எந்த டிரெயிலிலும் இது வரும். 16 ஆகாத பிள்ளை வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்க வேண்டும். பெரியவர் தன் வண்டியைக் கடத்திவிட்டு நடந்து திரும்பி வந்து பிள்ளையின் வண்டியைக் கடத்த வேண்டும். பிள்ளை பெரியவரோடு நடந்தே கடக்கட்டும். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

படி 3: வண்டி பொருந்துகிறதா?

இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். பாதங்கள் கால்வைக்கும் பலகையில் முழுதாகப் பதிய வேண்டும். கையுறை போட்ட இடது கை பிரேக் பிடியை எட்டி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். எட்டாவிட்டால் அந்த வண்டி வேண்டாம். சின்னவர்களுக்கு 120 சிசி வண்டிகள் இருக்கின்றன.

ஆக்சிலரேட்டர் வலது கட்டைவிரலில். பயந்த பிள்ளை கைப்பிடியை இறுக்கும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி நிற்காமல் பாயும். அதனால்தான் அவசரக் கயிறு. ஒரு முனை வண்டியில், மறு முனை பிள்ளையின் ஜாக்கெட்டில். புறப்படுமுன் இழுத்துப் பாருங்கள், எஞ்சின் உடனே நிற்க வேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன் ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டால் 'டக்'கென்று திரும்புகிறதா என்றும் பாருங்கள். பனி உறைந்தால் அது ஒட்டிக்கொள்ளும்.

ஹெல்மெட் கட்டாயம். தொங்கும் சால்வை வேண்டாம், கழுத்தை மூடும் உறை போதும்.

படி 4: கூடப் போகும்போது

முன்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளை, பின்னால் இன்னொருவர். டிரெயிலில் உச்ச வேகம் மணிக்கு 50 கிமீ, ஆனால் பிள்ளை ஓட்டக்கூடிய வேகத்தில்தான் முன்னால் போகிறவர் போக வேண்டும். அவர் வேகமெடுத்தால் எட்டிப்பிடிக்கப் பிள்ளையும் முடுக்கும், அடுத்த வளைவில் மரத்தில் மோதும். ஒவ்வொரு சந்தியிலும் நின்று காத்திருங்கள். ஏரிப் பனிக்கட்டி மேல் பிள்ளையை விடாதீர்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையுறையைக் கழற்றி விரல்களைத் தொட்டுப் பாருங்கள். மரத்துப்போன விரலால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. பிள்ளை அதைத் தானாகச் சொல்லவும் மாட்டாது, சொன்னால் வீட்டுக்குத் திருப்பிவிடுவீர்கள் என்று அதற்குத் தெரியும்.