கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஃபாயில் விண்ட்சர்ஃபிங்: எங்கே தொடங்குவது, எதை வாங்குவது

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். துடுப்புப் போடுகிறவர் கையை நிறுத்திய அடுத்த நொடி பரிசல் சுற்ற ஆரம்பித்துவிடும். அது வட்டமாக இருக்கிறது, அடியில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, அதனால் ஆறும் காற்றும் தள்ளுகிற பக்கமெல்லாம் போகும். விண்ட்சர்ஃபிங் என்பது பாய் மாட்டிய பலகை மேல் நின்று காற்றில் ஓட்டுவது, அந்தப் பலகையின் அடியில் ஃபின் என்று ஒரு தகடு செங்குத்தாக நிற்கும். பாயில் விழுகிற காற்று பலகையைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும், ஃபின் விடாது, வேறு வழியில்லாமல் பலகை முன்னால் ஓடும். அந்த ஃபின்னைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு நீளமான தண்டையும் அதன் அடியில் சின்ன விமானம் மாதிரி இரண்டு இறக்கைகளையும் மாட்டினால் அதுதான் ஃபாயில். வேகம் பிடித்ததும் இறக்கை தண்ணீருக்குள் இருந்தபடியே பலகையையும் ஆளையும் மேலே தூக்கிவிடும். பலகை அலையில் அடிக்கிற சத்தம் சட்டென்று நின்று போகும். அந்த அமைதிக்காகத்தான் நான் ஐந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறேன்.

தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் மூன்று ஏ4 தாள் பரப்புள்ள ஓர் இறக்கை ஒரு முழு மனிதனைத் தூக்குகிறது. இதிலிருந்து இன்னொரு கணக்கும் வருகிறது, பொருள் வாங்கும்போது இதை மறக்கவே கூடாது: தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகமாகப் போகிறவருக்குச் சின்ன இறக்கை போதும், புதிதாகப் பழகுகிறவர் மெதுவாகத்தான் போவார், அவருக்குப் பெரிய இறக்கை வேண்டும்.

சரி, முதலில் வரிசை. ஃபாயிலுக்கு முன்னால் சாதாரண விண்ட்சர்ஃபிங் வர வேண்டும். விழுந்த பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஓட்டி, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரத் தெரிந்தால் ஃபாயிலுக்குப் போகலாம். ஹார்னஸ் (பாயின் இழுப்பை உடம்பில் தாங்கும் பட்டை) போட்டு ஓட்டத் தெரிந்தால் இன்னும் நல்லது. அதற்கும் முன்னால் நீச்சல். நம் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள், தண்ணீர் பயம் இருக்காது, ஆனால் கிணற்றில் நான்கு கை வீசினால் சுவர் வந்துவிடும். கடலில் சுவர் கிடையாது. காலில் ஷூவும் உடம்பில் லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் சிரமமில்லாமல் நீந்த முடிகிறதா என்று நீச்சல் குளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கேயே இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, எதற்குக் கடல் வரை போக வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தென்பெண்ணையில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி இருக்கிறது, பென்னாகரம் பக்கம் போனால் நாகமரையில் மேட்டூர் நீர்த்தேக்கமே கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. அந்தக் கரைகளில் நின்று பாய் விரித்தால் எப்படி இருக்கும் என்று நானும் பல நாள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் இவை பாசனத்துக்கும் குடிநீருக்குமான அரசு நீர்த்தேக்கங்கள், எழுத்தில் அனுமதி இல்லாமல் பலகையை இறக்கக் கூடாது. அதோடு ஃபாயிலுக்கென்றே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தண்டும் இறக்கையும் சேர்ந்து பலகைக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் வரை போகும். கே.ஆர்.பி. அணையின் முழு நீர்மட்டமே 52 அடி, அதுவும் மதகை ஒட்டித்தான், ஓரங்களில் பாறையும் மரக்கட்டையும் எங்கே மறைந்திருக்கும் என்று தெரியாது, நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் மாறும். மேட்டூரில் மீனவர் விரித்த வலை இருக்கும், காவிரியில் முதலையும் உண்டு. கெலவரப்பள்ளியில் ரசாயன நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அந்தத் தண்ணீரில் விழுந்து எழுந்து பழகச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே கடற்கரைக்குப் போங்கள், பயிற்சி தருகிற பள்ளியில் பொருளை வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். சென்னைப் பக்கம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். ராமேஸ்வரம் சேலம், மதுரை வழியாக அதைப்போல இரண்டு மடங்கு தூரம், ஆனால் காற்று அங்கேதான் நம்பகமாக வரும். வைகாசி முதல் ஆவணி வரை தெற்கு, மேற்குப் பக்கத்துக் காற்று, மார்கழி, தை மாதங்களில் வாடை. ராமேஸ்வரம் கைட் சர்ஃபிங்குக்கு (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் போவது) பெயர் பெற்ற இடம், எல்லா இடத்திலும் விண்ட்சர்ஃப் ஃபாயில் இருக்காது, கிளம்புவதற்கு முன் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: பழகும் இடத்தில் ஆழம் எவ்வளவு? முழங்கால் ஆழத் தண்ணீர் கைட் பழகுகிறவருக்கு வரம், ஃபாயிலுக்கு அதே இடம் எலும்பை உடைக்கும். இறக்கை தரையில் இடித்தால் பலகை அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். குறைந்தது மார்பளவு ஆழம் இருக்க வேண்டும், அலை இல்லாத தட்டையான தண்ணீராக இருக்க வேண்டும், கூப்பிட்டால் வர ஒரு படகு இருக்க வேண்டும்.

ஊரில் இருக்கும் நாட்களில் செய்ய ஒரு வேலை உண்டு, காற்றைப் படிப்பது. கடற்காற்றை நாட் கணக்கில் சொல்வார்கள், ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஃபாயில் பழக 10 முதல் 15 நாட் வரை நல்லது. இதை அளக்கக் கருவி இல்லாமலும் பழகலாம். மாந்தோப்பில் இலையும் மெல்லிய நுனிக்கிளையும் ஓயாமல் அசைகின்றன, கொடிக்கம்பத்தில் கொடி விரிந்து நிற்கிறது என்றால் 7 முதல் 10 நாட். சின்னக் கிளைகள் ஆடுகின்றன, ரோட்டில் புழுதியும் காகிதமும் கிளம்புகின்றன என்றால் 11 முதல் 16. அம்மியைப் பறக்கவைக்கிற ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று முதலில் நீங்களே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு போனில் வானிலைச் செயலியைப் பாருங்கள். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும். மலைகளுக்கு நடுவே நம் ஊர்க் காற்று விட்டுவிட்டு வீசுவதும் புரியும். ஃபாயிலுக்கு வேண்டியது அப்படிப்பட்ட காற்று இல்லை, ஒரே சீராக வருகிற கடற்காற்று.

அப்புறம் பொருள். இங்கேதான் பணம் வீணாகும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் முன் இறக்கை. நீங்கள் 65 முதல் 85 கிலோ எடை என்றால் 1500 முதல் 2000 சதுர சென்டிமீட்டர் வரை உள்ள, கொஞ்சம் தடிமனான இறக்கையாக எடுங்கள். அது மெதுவான வேகத்திலேயே தூக்கும், தூக்கும்போது குதிரை மாதிரி துள்ளாது, பொறுமையாக எழும். கடையிலும் வீடியோவிலும் ஆளை மயக்குவது மெல்லிய, நீளமான பந்தய இறக்கைகள்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐக்யூஃபாயில் என்ற வகுப்பு முதன்முறையாக வந்தது, பந்தயம் மார்செய் கடலில் நடந்தது, ஆண்கள் 9 சதுர மீட்டர் பாயும் பெண்கள் 8 சதுர மீட்டர் பாயும் வைத்து ஓட்டினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அதைப் பார்த்துவிட்டு அதே பொருளைத் தேடாதீர்கள், அது வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த உடம்புக்கானது.

அடுத்து தண்டு. 90 சென்டிமீட்டர், 95 சென்டிமீட்டர் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதல் தண்டு 60 முதல் 75க்குள் இருக்கட்டும். உயரம் குறைந்தால் விழும் தூரமும் குறையும், கரையோர ஆழமும் குறைவாகப் போதும். அலுமினியமா கார்பனா என்றால் அலுமினியம், யோசிக்கவே வேண்டாம். எடை கொஞ்சம் கூடும், ஆனால் விலை குறைவு, தரையில் இடித்தாலும் மனது பதறாது. கார்பனுக்குக் கொடுக்கிற மிச்சப் பணத்தில் நான்கைந்து முறை கடலுக்குப் போய் வரலாம், உங்களை மேலே தூக்கப் போவது அந்தப் பயணங்கள்தான்.

பலகை அகலமாக இருக்க வேண்டும், 75 முதல் 85 சென்டிமீட்டர் வரை. கொள்ளளவு லிட்டரில் சொல்வார்கள். உங்கள் எடையோடு 40ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 75 கிலோ ஆளுக்கு 115 லிட்டர் அல்லது அதற்கு மேல். நின்றபடி பாயைத் தூக்கும்போது பலகை மூழ்காமல் தாங்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கு.

பலகையும் ஃபாயிலும் சேர்கிற இடத்துக்குப் பெட்டி என்று பெயர், நான் ஏமாந்தது இதில்தான். டீப் டட்டில் என்பது ஒரே குழி, தண்டின் தலை அதற்குள் இறுக்கமாகச் செருகி நிற்கும். இரட்டைத் தடம் என்பது இரண்டு இணையான பள்ளங்கள், அதில் தட்டை வைத்து நான்கு திருகுகளால் முடுக்க வேண்டும். நான் பலகையை ஓரிடத்தில் பழையதாக வாங்கினேன், ஃபாயிலை வேறோரிடத்தில் வாங்கினேன், இரண்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். கடற்கரையில் போய் விரித்துப் பார்த்தால் பலகையில் இரட்டைத் தடம், கையில் டட்டில் தண்டு. மாற்றுத் தலை வந்து சேர்வதற்குள் அந்த வருடத்துக் காற்றே போய்விட்டது. அதனால் வாங்குவதற்கு முன் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்குங்கள். இன்னொன்று, ஃபின்னுக்காக மட்டும் செய்த பழைய பலகையில் ஃபாயிலை மாட்டாதீர்கள். தண்டு ஒரு நெம்புகோல், அதன் அடியில் உங்கள் முழு எடையும் வேலை செய்கிறது, பெட்டி அப்படியே பிளந்து வந்துவிடும். ஃபாயிலுக்காக வலுப்படுத்தியதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பாய்க்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஃபின்னோடு ஓட்டும்போது 6.5 சதுர மீட்டர் பிடிக்கிற காற்றில் ஃபாயிலோடு 5 முதல் 5.5 போதும், ஏனென்றால் பலகை மேலே எழுந்தபின் தண்ணீரின் இழுப்பு மிகவும் குறைந்துவிடும். கையில் லேசாக இருக்கிற சாதாரணப் பாய் எதுவும் ஆகும். பாயின் மேலேயே அதற்கேற்ற பாய்மரத்தின் நீளம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து எடுங்கள். இரண்டாகக் கழறும் பாய்மரம்தான் நமக்கு வசதி, ஒவ்வொரு பாதியும் சுமார் இரண்டு மீட்டர்தான் வரும், காரின் கூரையில் பலகையோடு கட்டிவிடலாம். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால் பாய்க்குப் பதிலாகக் கையில் பிடிக்கிற, காற்று ஊதி விரிக்கும் இறக்கை வகையைப் பாருங்கள், அது ஒரு பையில் அடங்கிவிடும். எனக்குப் பாய்மரத்தில் உடம்பைச் சாய்த்து ஓட்டுகிற சுகம் அதில் கிடைக்கவில்லை.

ஹெல்மெட், அடி தாங்கும் ஜாக்கெட், அடி தடித்த ஷூ, கணுக்கால் வரை மூடும் உடை, இந்த நான்கும் இல்லாமல் ஃபாயில் மேல் ஏறக் கூடாது. இறக்கையின் ஓரம் அரிவாள் மாதிரி.

முதல் நாள். பலகையைக் கவிழ்த்து, இறக்கை மேலே பார்க்கத் தூக்கிப் போய், இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். காற்றுக்குக் குறுக்கே போங்கள், பின் காலைப் பலகை மேலுள்ள கால்பட்டியில் மாட்டாமல் அதற்குச் சற்று முன்னால் வையுங்கள், முன் கால் பட்டியில் இருக்கலாம். முதல் ஒரு மணி நேரம் பறக்கவே முயற்சி செய்யாதீர்கள், பாயைக் கொஞ்சம் தளர்த்தி, பலகை தண்ணீரிலேயே ஓடட்டும், அடியில் இறக்கை தள்ளுவதைக் கால் உணரட்டும். பிறகு பாயை மெல்ல உள்ளே இழுத்து வேகம் கொடுங்கள். பலகை எழும் அந்த நொடியில் பயத்தில் எல்லாரும் பின்னால் சாய்வார்கள், அங்கேதான் தவறு. பின்னால் சாய்ந்தால் பலகையின் மூக்கு இன்னும் தூக்கும், இறக்கை நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வரும், அதில் காற்றுப் புகுந்ததும் தூக்குவிசை அறுந்துபோகும், பலகை தொப்பென்று விழும். எழும்போது இடுப்பை முன்னால் கொண்டுபோய் முன்காலில் எடையைப் போடுங்கள், முழங்காலை மடக்கி வையுங்கள், கண் பலகையைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்க்கட்டும். ஒரு சாண் உயரம் போதும். ஒரு சாண் உயரத்தில் பத்து நொடி நின்றுவிட்டால் அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி.

விழும்போது பூமை, அதாவது பாயைப் பிடித்து ஓட்டுகிற கம்பியை, கையிலிருந்து விடாதீர்கள். பூமைப் பிடித்திருந்தால் நீங்களும் இறக்கையும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பீர்கள். விட்டுவிட்டுக் குதித்தால் எங்கே விழுவோம் என்று சொல்ல முடியாது. தலைகீழாகப் பாயாதீர்கள், முதுகோ பக்கமோ தட்டையாகத் தண்ணீரில் படட்டும். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்றில் தனியாகப் போக வேண்டாம், தண்ணீர் தட்டையாக இருக்கிறதே என்று ஆசையாக இருக்கும், ஆனால் பாய் கிழிந்தால் காற்று உங்களை உள்ளேதான் கொண்டு போகும்.

கிளம்புவதற்கு முன் ஃபாயிலைக் கடற்கரையிலேயே கழற்றி, ஒவ்வொரு திருகையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். அலுமினியத்தில் எஃகுத் திருகு, நடுவில் உப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும், மாட்டியபடியே வண்டியில் போட்டு வந்து நாலு நாள் மறந்துவிட்டால் பிறகு பட்டறைக்காரர் வந்தாலும் திருகின் தலைதான் உடையும். மறுபடி மாட்டும்போது திருகின் மரையில் அரிப்பைத் தடுக்கும் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். ஒரு குடம் நல்ல தண்ணீரும் திருகுக்கேற்ற சாவியும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும், சாவி இரண்டாக இருந்தால் நல்லது, ஒன்று எப்படியும் மணலில் போய்விடும்.