"ஏன் இவ்வளவு குறைவு?" பல் மருத்துவ நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணி தோட்டப்புறத்துப் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) பிள்ளைகள் பல் மருத்துவ நேர்முகத் தேர்வில் திணறுவது அநேகமாக இரண்டு இடங்களில்தான். ஒன்று முயெட் என்னும் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் பேண்ட், அதாவது தரநிலை. இன்னொன்று படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். வேதியியலில் சறுக்கிய ஏதோ ஒரு செமஸ்டர். ஒன்றை முதலில் மனத்தில் வையுங்கள்: அந்த மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தகுதிக்குக் கீழே இருந்திருந்தால் அழைப்பே வந்திருக்காது. அதனால் மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். எதிரே இருப்பவர்கள் அறிய விரும்புவது, இதே குறை ஐந்தாண்டுப் படிப்பிலும் தலைகாட்டுமா என்பதைத்தான்.

மதிப்பெண் சீட்டைப் பிரித்துப் படியுங்கள்

முயெட்டில் நான்கு தாள்: கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 90, மொத்தம் 360. 164 முதல் 210 வரை பேண்ட் 3.5, 211 முதல் 257 வரை 4.0. பலரும் பேண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள், உள்ளே இருக்கும் நான்கு எண்களைப் பார்ப்பதில்லை. ஒரு மாணவி கேட்டலில் 38, பேச்சில் 62, வாசிப்பில் 45, எழுத்தில் 60 வாங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். மொத்தம் 205, பேண்ட் 3.5. நான்காம் பேண்டுக்கு ஆறே மதிப்பெண் குறைவு, அடி வாங்கியது கேட்டல் தாளில். "எனக்கு இங்கிலீஷ் வீக்" என்று அவள் சொன்னால், நன்றாகச் செய்த இரண்டு தாளையும் சேர்த்துக் கைகழுவிவிடுகிறாள்.

காரணத்தையும் அதே எண்களில் தேடுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும் என்று வளர்ந்த பிள்ளைக்குக் கண் பழகியிருக்கும், காது பழகியிருக்காது. இது குறை கூறல் ஆகாது. சீட்டில் உள்ள 38-ஐ விளக்கும் காரணம். வாசிப்பு குறைந்தவருக்கு வேறு காரணம் இருக்கும். பெரும்பாலும் நேரம்தான்: 75 நிமிடத்தில் 40 கேள்வி, நீளமான பகுதிகள் கடைசியில் வரும். எழுத்தில் குறைந்தவர்கள் 100 சொல் மின்னஞ்சலில் நேரத்தைக் கரைத்துவிட்டு, 250 சொல் கட்டுரையை அரைகுறையாக விட்டிருப்பார்கள்.

நான்கு வாக்கியம், நாற்பது வினாடி

என்ன ஆனது, ஏன் ஆனது, என்ன மாற்றினேன், இப்போது எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், கூடிப்போனால் ஒன்றரை. மேலே சொன்ன மாணவி இப்படிச் சொல்லலாம்:

"முதல் முறை என் முயெட் 3.5. பேச்சிலும் எழுத்திலும் 60 அளவில் இருந்தேன், கேட்டலில் 38தான். ஆங்கிலத்தை நான் அதிகம் படித்திருந்தேன், கேட்டுப் பழகவில்லை. அதன்பின் தினமும் 20 நிமிடம் ஆங்கில உரை ஒன்றைக் கேட்டுக் குறிப்பெழுதி, எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறை கேட்டல் 52, மொத்தம் 219, பேண்ட் 4.0."

இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பதில் முடிந்ததும் எதிரே இருப்பவர் குனிந்து ஏதோ எழுதுவார். இரண்டு மூன்று வினாடி அமைதி. அதைத் தாங்க முடியாமல் "ஆனாலும் நான் ரொம்ப முயற்சி..." என்று தொடங்கினால், நேராக நின்ற பதில் கெஞ்சலாக மாறிவிடும். வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்காருங்கள்.

திரும்ப எழுதி முடிவு இன்னும் வரவில்லையா? எப்போது எழுதினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். "இந்தத் தடவை கண்டிப்பா 4.5" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். திரும்ப எழுதவே இல்லை என்றால் நான்காம் வாக்கியத்துக்கு வேறு சான்று தேவைப்படும்: தேதி போட்ட கேட்டல் குறிப்பேடு, பயிற்சித் தாள்களில் ஏறிய எண்கள். கேட்டால் எடுத்துக் காட்டும்படி கோப்பில் இருக்கட்டும். கேட்காமல் நீட்ட வேண்டாம்.

வேதியியல் குறைந்திருந்தால் வேதியியலில்தான் கேட்பார்கள்

முதல் செமஸ்டரில் சி பிளஸ், அதாவது 2.33, பிறகு பி பிளஸ், 3.33 என்று ஏறியிருந்தால் பாதி விளக்கம் சீட்டிலேயே இருக்கிறது. மறுதேர்வு எழுதி உயர்ந்திருந்தால் இரண்டு எண்ணையும் நீங்களே சொல்லுங்கள். இரண்டில் உயர்ந்ததுதான் கணக்கில் சேரும் என்றாலும், பழையதை மறைத்துப் பேசினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கத்தை விட முக்கியமானது அடுத்த கேள்வி. "அயனிச் சமநிலை புரியாமல் போனது" என்று சொன்ன மறுநிமிடம், "இப்போது புரிகிறதா?" என்று கேட்பார்கள். அதற்குப் பல்லோடு சேர்த்துப் பதில் தயாராக இருக்க வேண்டும். எனாமலில் இருப்பது ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். அதிலிருந்து கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு அயனிகள் உமிழ்நீரில் கரைவதும் திரும்பப் படிவதும் ஒரு சமநிலை. நாம் இனிப்புச் சாப்பிட்டதும் பல்லில் படிந்த பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் ஹைட்ராக்சைடையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்ள, சமநிலை கரையும் பக்கம் சாய்கிறது. பிஹெச் (அமிலம் கூடினால் இறங்கும் அளவு) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீரின் பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும் பஃபராக நின்று பிஹெச்சைத் திரும்ப ஏற்றுகிறது. ஃபுளோரைட் சேர்ந்த கனிமம் இன்னும் கடுமையான அமிலத்தில்தான், சுமார் 4.5-இல்தான், கரைகிறது. இவ்வளவையும் ஒரு நிமிடத்தில், பேனா பிடிக்காமல் சொல்ல முடிந்தால் அந்த சி பிளஸ் பற்றி மேற்கொண்டு பேச வேண்டிய அவசியம் குறையும்.

எந்தத் தலைப்பில் விழுந்தீர்களோ அதற்கு இப்படி ஒரு நிமிடம் தயார் செய்யுங்கள். வேதியியலைப் பற்றிக் கேட்டதற்கு "என் கை நல்ல நிதானம், சோப்பில் பல் செதுக்குவேன்" என்று தாவாதீர்கள். கைத்திறன் பல் மருத்துவத்துக்கு வேண்டியதுதான், அதைச் சோதிக்கிற இடங்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

எந்தக் காரணம் நிற்கும், எது நிற்காது

நோய், வீட்டில் இறப்பு: நிற்கும். ஒரே வாக்கியத்தில் சொல்லி, மருத்துவச் சான்றோ இறப்புச் சான்றின் நகலோ கோப்பில் வைத்திருங்கள். கண் கலங்கினால் தவறில்லை, ஒரு மூச்சு விட்டு மூன்றாம் வாக்கியத்துக்குப் போங்கள். பகுதி நேர வேலை: எண்ணோடு சொன்னால் நிற்கும். "வாரத்துக்கு 18 மணி நேரம் கடையில் நின்றேன், இரண்டாம் செமஸ்டரில் 6 ஆகக் குறைத்தேன்" என்பது காரணமும் திருத்தமும் சேர்ந்த பதில். "குடும்பக் கஷ்டம்" என்று பொதுவாக விட்டால் காற்றோடு போய்விடும்.

ஆசிரியர் இல்லாமல் இரண்டு மாதம் போனது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்ல ஐந்து வினாடி போதும், மீதி நேரம் அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் செய்ததற்கு. பள்ளியைத் திட்டும் மாணவர் நாளைக்கு கிளினிக்கில் நோயாளியைத் திட்டுவார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். தமிழ்ப்பள்ளியில் படித்ததைக் காரணமாக வைப்பது அதைவிட மோசம். ஆறு வருடம் அங்கே படித்துப் படிவம் ஆறு வரை வந்தவர், தன் அடித்தளத்தையே குறையாகக் காட்டுவதா?

"அந்த மதிப்பெண் என் உண்மையான திறமையைக் காட்டவில்லை" என்பதையும் விட்டுவிடுங்கள். வேறு எது காட்டுகிறது என்று திருப்பிக் கேட்டால் நிற்க இடமிருக்காது.

பழகும் விதம்

ஆங்கிலத்திலும் மலாயிலும் பழகுங்கள், எந்த மொழியில் கேட்டாலும் தடுமாறக் கூடாது. ஆனால் முழுப் பதிலையும் நெட்டுருப் போடாதீர்கள். திருக்குறள் மனனப் போட்டியில் ஒப்பிக்கும் ராகம் அப்படியே வந்துவிடும், நடுவில் ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும். எண்களையும் நான்கு வாக்கியங்களின் முதல் சொல்லையும் மட்டும் நினைவில் வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள்: 50 வினாடி தாண்டினால் காரணம் நீண்டிருக்கிறது, 25-க்குக் கீழே என்றால் திருத்தம் விடுபட்டிருக்கிறது. தோட்டத்தில் யாரிடம் பேசினாலும் பேச்சு தமிழுக்குத் திரும்பிவிடும். ஆகவே தமிழ் தெரியாத ஓர் ஆசிரியரிடம் நான்கைந்து முறையாவது பேசிப் பாருங்கள், அவர் குறுக்கே கேள்வி கேட்கட்டும்.

கிளந்தானின் குபாங் கிரியான் போன்ற தூரத்து வளாகத்துக்கு அழைப்பு வந்தால் முந்தின நாளே போய்ச் சேருங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் வளைந்து இறங்கியவர் வாயில் நாற்பது வினாடிப் பதில் இரண்டு நிமிடம் ஆகும்.

வெளிநாட்டுக்கு யூகேட் எழுதியவர்கள்

பிரிட்டன், ஆஸ்திரேலியா பல் மருத்துவக் கல்லூரிகள் பலவும் யூகேட் என்னும் இந்தச் சேர்க்கைத் தேர்வைக் கேட்கின்றன. ஓர் ஆண்டின் சுற்றில் ஒரே தடவைதான் எழுதலாம், அதனால் "திரும்ப எழுதி உயர்த்தினேன்" என்ற வாக்கியம் அந்த ஆண்டு கிடைக்காது. எந்தப் பகுதியில் விழுந்தீர்கள் என்று பிரித்துச் சொல்வதே வழி. மொழிப் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்வி, ஒன்றுக்கு அரை நிமிடம். அங்கே குறைந்தால் வேகம் என்று சொல்லலாம், புரியவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: 2025 முதல் வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் பகுதி நீக்கப்பட்டு மொத்தம் 900 முதல் 2700 வரை என்றாகிவிட்டது. முன்பு 3600 வரை இருந்தது. பழைய அளவில் எழுதிய அண்ணன் அக்காவின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

கேட்கவே இல்லை என்றால்

நீங்களாக எடுக்காதீர்கள். பல நிலையங்களாகப் பிரித்து நடத்தும் நேர்முகத்தில் சில நிலையங்களில் இருப்பவரிடம் உங்கள் மதிப்பெண்ணே இருக்காது. அங்கே அதை இழுத்தால் தெரியாத குறையை நீங்களே தெரிவித்ததாகும். கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டு, புதிய முயெட் முடிவு விண்ணப்பத்துக்குப் பிறகு வந்திருந்தால் மட்டும், அந்த ஒரு எண்ணைச் சொல்லி நகலை மேசையில் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.