பழைய லென்ஸ், புது மிரர்லெஸ்: கொங்குப் பக்கம் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

மாமா வீட்டுப் பீரோவில் தோல் உறைக்குள் ஒரு பழைய ஃபிலிம் கேமரா கிடக்கிறதா? கேமராவை விடுங்கள். அதன் முன்னால் இருக்கும் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். பத்துக்கு ஐந்து பழுதில்லாமல் இருக்கும் என்றே சொல்வேன். அதை உங்கள் மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் படமெடுக்கலாம். எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஏன் முடிகிறது என்பது எளிய கணக்கு. எந்த லென்ஸும், அது மாட்டப்படும் இடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்தில்தான் பிம்பத்தை விழவைக்கும். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் நடுவே ஒரு மிரர் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும் என்பதால் அந்தத் தூரம் அதிகம். எம்42 திருகு லென்ஸுக்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டுக்கு (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்) 46.5, கேனான் எஃப்டிக்கு 42. மிரரை எடுத்துவிட்ட பிறகு இந்தத் தூரம் சுருங்கிவிட்டது: சோனி இ 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. மிச்சமிருக்கும் இடைவெளியை ஓர் உலோக வளையம் நிரப்பிவிட்டால் போதும். எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ. வளையம். இதைத்தான் அடாப்டர் என்கிறோம். நடுவில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். புது லென்ஸ் வாங்கக் காசில்லை, அதனால் பழையது என்று வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கு. நமக்காக நின்று தருகிறவற்றுக்குப் பழைய லென்ஸ். நிற்காதவற்றுக்கு ஆட்டோஃபோகஸ் உள்ள புது லென்ஸ். பையில் இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தால் கொங்கு நாடு முழுக்கச் சுற்றிவரலாம்.

1. லென்ஸைத் தேர்ந்தெடுப்பது

இணையத்தில் யாரைக் கேட்டாலும் ஹீலியோஸ் 44-2 என்பார்கள். 58 மி.மீ. குவியத்தூரம், எஃப்/2 அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை; எண் சிறியதானால் துளை பெரிது), சோவியத் தயாரிப்பு. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றியது. ஸெனிட் கேமராக்களோடு ஏராளமாக வந்ததால் இன்றும் கிடைக்கிறது. பின்னணி சுழல்வதுபோல் காட்டும் அதன் குணம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் முதல் லென்ஸாக நான் சொல்வது பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 55 மி.மீ., எஃப்/1.8. அதன் ஃபோகஸ் வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பும். புதிதாகக் கையால் ஃபோகஸ் பழகுகிறவருக்கு அது பெரிய உதவி. இரண்டும் எம்42 திருகு என்பதால் ஒரே அடாப்டர் போதும். பீரோவில் கிடைத்தது நிக்கான் அல்லது கேனான் எஃப்டி 50 மி.மீ. என்றால் அதையே வைத்துத் தொடங்குங்கள், தேடி அலைய வேண்டாம்.

சென்சார் (பிம்பத்தைப் பதியும் சில்லு) ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிதாக இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவில் 55 மி.மீ. என்பது, ஃபிலிம் சட்டகம் அளவே உள்ள ஃபுல்ஃபிரேமில் 82 மி.மீ. காட்டும் அளவுக்குத்தான் காட்டும். ஆள் படத்துக்கு அருமை, கோயில் கோபுரத்துக்குக் குறுகல்.

வாங்கும் முன் கைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ்; வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். முழுக்கப் புகை படிந்ததுபோல் மங்கலாக இருந்தாலும் அப்படியே. உள்ளே நாலு தூசி இருந்தால் ஒன்றும் ஆகாது. முன் கண்ணாடியில் மெல்லிய கீறலும் படத்தில் தெரியாது. பின் கண்ணாடிக் கீறல்தான் தொல்லை. அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பி, துளையைச் சுருக்கும் இதழ்கள் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சட்டென்று மூடித் திறக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4-இல் பல லென்ஸ்களின் கண்ணாடி மஞ்சளித்திருக்கும். அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் வருவது அது. புற ஊதா ஒளியில் சில நாள் வைத்தால் வெளுக்கும். நம் ஊர் வெயில் அதற்குப் போதும். ஆனால் லென்ஸ் வழியே குவியும் வெயில் நெருப்புப் பற்றவைக்கும். கீழே அலுமினியத் தாள் விரித்து, ஆள் பார்வையிலேயே வையுங்கள்.

2. அடாப்டர்

கண்ணாடி இல்லாத வெறும் வளையமாக வாங்குங்கள். மலிவு அடாப்டர்களில் வரும் குறை ஒன்று உண்டு: அளவு கொஞ்சம் கூடிவிட்டால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. சோதிப்பது சுலபம். பல்லடம், உடுமலைப் பக்கம் என்றால் தூரத்துக் காற்றாலை. கோவை என்றால் மருதமலை. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, திரையில் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைத் தூரத்துக்கான கடைசி முனை வரை திருப்புங்கள். காற்றாலையின் இறக்கை கூர்மையாக வந்தால் அடாப்டர் சரி. கூர்மையாகிவிட்டுக் கொஞ்சம் தாண்டியும் போனால் கவலையில்லை. கூர்மையாகவே வரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சூப்பர் டக்குமாரில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சிறு விசை இருக்கும். அது மேனுவலில் இருக்கட்டும். இல்லையென்றால் சில அடாப்டர்களில் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் இதழ்கள் மூடாது, லென்ஸ் கெட்டுவிட்டதாக நினைத்துவிடுவீர்கள்.

3. கேமராவில் மாற்ற வேண்டியவை

பழைய லென்ஸ் கேமராவோடு பேசாது. லென்ஸே இல்லை என்றுதான் கேமரா நினைக்கும். பல கேமராக்களில் பட்டன் அழுத்தினால் படமும் விழாது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். அப்பர்ச்சர் எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடோ பூஜ்யமோ காட்டும். அது கோளாறு இல்லை.

அப்புறம் மோடை ஏ-வில் வையுங்கள். அப்பர்ச்சரை லென்ஸில் நீங்கள் திருப்புவீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) ஆட்டோ, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 நொடி. கேமராவுக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் குவியத்தூரத்தைக் கையால் பதிய வேண்டும்: 55 என்றே பதியுங்கள், 82 என்று பெருக்கிப் பதிய வேண்டாம்.

ஃபோகஸ் பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளுக்குத் திரையில் நிறம் பூசிக் காட்டும் வசதி) இயக்கி நிறத்தைச் சிவப்பாக்குங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மஞ்சள் நிறப் பீக்கிங்கை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? திரையைப் பெரிதாக்கும் வேலையைக் கைக்கு எட்டும் ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு பட்டன்தான் பழைய லென்ஸ் வைத்திருப்பவரின் வலது கை.

4. கையால் ஃபோகஸ்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 55 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஏபிஎஸ்-சி கேமராவில் கூர்மையாக இருப்பது மொத்தமே சுமார் 5 செ.மீ. கண்ணுக்கு வைத்தால் காது மங்கும். எஃப்/5.6-க்குப் போனால் 17 செ.மீ. ஆகும்.

அசையாத ஒன்றில் தொடங்குங்கள். ஒரு படி விரலி மஞ்சளை முறத்தில் கொட்டி, ஜன்னலோரம் வையுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரே ஒரு விரலியைத் தேர்ந்து, பெரிதாக்கி, அதன் வரிகள் தெரியும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு எஃப்/4-க்கு மூடி எடுங்கள். மூடிய நிலையில் ஃபோகஸ் தேடினால் எல்லாமே கூர்மையாக இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றும். பீக்கிங்கும் அப்படித்தான், ஏறக்குறைய எந்த இடம் என்று சொல்லும், சரியாக எந்த இடம் என்று சொல்லாது. அதற்குப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். கிட்டத்தில் எடுக்கும்போது கடைசி ஒரு விரற்கடையை வளையத்தால் தேடாதீர்கள். உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பிடியுங்கள்.

5. தறிக்கூடம்

கை பழகியதும் சென்னிமலை, பவானிப் பக்கம் போகலாம். போர்வையும் ஜமக்காளமும் நெய்கிற கைத்தறிகள், ஒரு பக்க ஜன்னல் வெளிச்சம், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். பழைய லென்ஸுக்கென்றே அமைந்த இடம். "ஏனுங்க அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். "எடுத்துக்க கண்ணு, அதுக்கென்ன" என்று பெரும்பாலும் பதில் வரும். வராவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உள்ளே டியூப்லைட் எரிந்தால் ஒரு சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு, மோடை எம்-முக்கு (ஷட்டரையும் நீங்களே வைப்பது) மாற்றி, மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/50-இல் இன்னொரு லாபம்: தறியில் குறுக்கே நூல் கொண்டுபோகும் நாடா ஓடுவது இழுபட்டு வரும், நெய்கிறவர் முகம் நின்று வரும். எஃப்/2.8, முகத்துக்கு ஃபோகஸ். கை நடுங்கினால் தூணில் சாயுங்கள்.

6. தோப்பு

ஹீலியோஸை எடுக்க வேண்டிய இடம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்பு. சுழல் தானாக வராது. ஆள் இரண்டு மீட்டருக்குள், பின்னால் பல மீட்டர் தள்ளி மட்டைகளும் அவற்றின் இடுக்கில் சாயங்கால வெயிலும், அப்பர்ச்சர் எஃப்/2. சுழல் படத்தின் ஓரத்தில்தான் பலமாக இருக்கும்; ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தை வெட்டிவிடுவதால் கொஞ்சம் அடங்கித்தான் தெரியும். ஆளை நடுவில் நிறுத்துங்கள்.

பழைய லென்ஸ்களின் பூச்சு இன்றைய பூச்சு அளவுக்கு எதிர்வெயிலைத் தாங்காது. படம் வெளுத்துப் பால் கலந்ததுபோல் ஆகும். அது பிடித்தால் சூரியனைச் சட்டகத்தின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பிடிக்காவிட்டால் லென்ஸ் முன்னால் மாட்டி வெயிலை மறைக்கும் 49 மி.மீ. ரப்பர் ஹூட் ஒன்று வாங்குங்கள். டக்குமார் 55, ஹீலியோஸ் 44-2 இரண்டுக்கும் பொருந்தும்.

7. புது லென்ஸ் எப்போது

ரேக்ளா பந்தயம், ஓடியாடும் குழந்தைகள், வெள்ளோடு சரணாலயப் பறவைகள் எல்லாம் ஆட்டோஃபோகஸ் வேலை. தொடர் ஃபோகஸ், 1/1000 ஷட்டர், அவ்வளவுதான். காங்கேயம் மாடுகளை உச்சி வெயிலில் எடுத்தால் வெளிர் உடம்பு வெறும் வெள்ளையாகிவிடும்; எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 அளவு குறையுங்கள். கன்றுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை பிறக்கும்போது செம்பழுப்பு.

சந்தைக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. பழைய 28 மி.மீ. கிடைத்தால் எஃப்/8-இல் வைத்து, 5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மை. ஆட்டோஃபோகஸைவிட வேகம், ஏனென்றால் ஃபோகஸ் செய்ய வேண்டியதே இல்லை. லென்ஸ் மேலிருக்கும் தூர அளவுகோல் ஃபிலிம் சட்டகத்துக்குப் போட்டது. ஏபிஎஸ்-சியில் ஒரு ஸ்டாப் குறைத்தே நம்புங்கள். எஃப்/8-இல் எடுத்தால் எஃப்/5.6 கோடுகளைப் பாருங்கள்.

8. மாற்றுவதும் வைப்பதும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு ஆனி, ஆடியில் தூசியும் துணை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது சென்சாரில் தூசி விழாதா? லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காருக்குள்ளோ காற்றுக்கு முதுகு காட்டியோ மாற்றுங்கள். அடாப்டரை லென்ஸிலேயே விட்டுவிட்டால் மாற்றும் நேரம் பாதியாகும்.

எந்த லென்ஸில் எடுத்தது என்று படக்கோப்பில் பதியாது. லென்ஸ் மாற்றியவுடன் அந்த லென்ஸின் மூடியை ஒரு படம் எடுத்துவிட்டால், பிறகு கணினியில் பிரிக்கச் சுலபம்.

வீட்டில் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து ஃபங்கஸ் வளர்க்கும் வேலையைத்தான் அது செய்யும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில், மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். ஃபங்கஸ் பிடித்த லென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை இந்த டப்பாவில் சேர்க்காமல் தனியே வையுங்கள்.